அக்காரவடிசிலும் அடங்கிய நெருப்பும்

தென்காசியிலிருந்து மதுரை நோக்கி வடக்கே செல்லும் சாலையை ஒட்டி அமைந்த ஊர் குத்துக்கல்வலசை. குத்துக்கல் என்பது நட்டு நிறுத்திய கல். வலசை என்பது இடம்பெயர்ந்து வந்தோர் தங்கிய குடியிருப்பு. நிற்பதையும் பெயர்வதையும் ஒரே பெயருக்குள் சேர்த்துக் கட்டிய இவ்வூரைக் கடந்து அச்சாலை கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, இராசபாளையம் என மலையடிவாரத்தைத் தொட்டும் விட்டும் சென்று, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் திருவில்லிபுத்தூரை அடைகிறது. ஓர் இனிப்புச் சோற்றின் பெயரைத் தமிழ்க் கவிதையில் அழியாதபடி பதித்து வைத்த ஆண்டாளின் ஊர் அது. அந்தச் சோறு அக்காரவடிசில். மார்கழி விடியலில் தென்பாண்டி நாட்டுக் கோயில்களிலும் இல்லங்களிலும் முதல் உணவாகக் கையில் விழுந்த இனிப்பு அதுதான்.

அக்காரவடிசிலைப் பற்றி எழுதியோர் பலரும் அரிசி, பால், வெல்லம், நெய் என்று பொருள்களை எண்ணியதோடு நின்றுவிட்டனர். அதனை ஆக்கிய நெருப்பைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். ஆனால் இவ்வுணவின் வரலாறு பொருள்களின் வரலாற்றைக் காட்டிலும் நெருப்பின் வரலாறாகவே இருக்கிறது. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பன்று; நீறு பூத்து அடங்கிய நெருப்பு.

நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு ஆண்டாள் ஒரு நேர்த்தி செய்கிறாள். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா நிறைந்த அக்காரவடிசிலும் படைப்பதாக அவள் வாயால் நேர்ந்துகொள்கிறாள். தடா என்பது பெரும் பானை. அவன் வந்து அமுது செய்வானாயின், ஒன்றுக்கு நூறாயிரமாகத் திருப்பிக் கொடுத்துப் பின்னும் ஆட்செய்வேன் என்று அடுத்த பாட்டில் கணக்கு வளர்கிறது. திருப்பாவையின் 27ஆம் பாட்டிலோ எண்ணிக்கை இல்லை. நோன்பு முடிந்த பின் எல்லாரும் கூடியிருந்து உண்ணும் காட்சி மட்டுமே இருக்கிறது. பாற்சோற்றை மறைக்கும் அளவு நெய் பெய்து, கையில் எடுத்தால் அது முழங்கை வரை இறங்கும் என்கிறாள். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி என்று கொண்டாடப்படுவதும், அன்று வைணவக் கோயில்களிலும் வீடுகளிலும் அக்காரவடிசில் படைப்பதும் இப்பாட்டின் வழி வந்த வழக்கு.

அந்த நூறு தடாவும் சொல்லளவில் நின்றுவிட்டதாகவும், சில நூற்றாண்டுகள் கழித்து இராமாநுசர் அதனை உணர்ந்து திருமாலிருஞ்சோலைக்குச் சென்று நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைத்து நேர்த்தியை முடித்ததாகவும், பின்னர் அவர் திருவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரைத் தன் அண்ணனாக ஏற்றுக்கொண்டதாகவும் குருபரம்பரை வரலாறு கூறும். ‘கோயில் அண்ணன்’ என்று அவருக்கு வழங்கும் பெயர் இவ்வாறு வந்தது. இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்வதா, பத்திமரபின் நினைவாகக் கொள்வதா என்பது அவரவர் கருத்து. ஆயினும் இக்கதையில் கவிஞர்கள் கருதத்தக்க ஒன்று உண்டு. ஒரு பெண் பாட்டில் சொன்ன சொல்லை, பின்வந்த ஒருவர் அணியாகக் கொள்ளாமல் கடனாகக் கொண்டு அடுப்பு மூட்டியிருக்கிறார். நூறு தடா சோறும் பாலில் வெந்து கனிய வேண்டுமாயின் எத்தனை அடுப்புகள், எத்தனை நாழிகை, எத்தனை பேர் தூங்காத இரவு என்பதைக் கதை சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பகுதியே மடைப்பள்ளியின் வரலாறு.

சொற்களிலிருந்து தொடங்குவது நலம். அடுதல் என்பது சமைத்தல். அடும் இல் அட்டில், அட்டது அடிசில். நெய் கலந்த சோற்றில் கையை விட்டுத் துழாவும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188ஆம் பாட்டில் காட்டுகிறான்; அவனும் அடிசில் என்ற சொல்லையே ஆள்கிறான். மடை என்பது படைக்கும் உணவு, அதனை ஆக்கும் இடம் மடைப்பள்ளி, ஆக்குபவன் மடையன். பழந்தமிழில் சமையல்காரனைக் குறித்த இச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. அடுப்படியில் நின்றவனுக்குத் தமிழுலகம் செய்த கைம்மாறு இதுதான் போலும்.

அக்காரம் என்பது சர்க்கரை. வடமொழியில் சர்க்கரா என்பதற்குப் பரல்மணல் என்பது முதற்பொருள். மணல் போல் உதிரும் இனிப்புக்கு அப்பெயர் ஆயிற்று. பிராகிருத வழியாகத் தமிழுக்கு வரும்போது முதலில் உள்ள சகரம் உதிர்ந்து அக்காரம் ஆனது என்று மொழியறிஞர் கருதுவர். ‘சகஸ்ரம்’ ஆயிரம் ஆனதும் ‘ஸந்த்யா’ அந்தி ஆனதும் இவ்வகையே என்பர். அதே வடசொல் மேற்கே அரபு நாடுகள் வழியாகச் சென்று ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. அடிசில் மண்ணின் சொல். அக்காரம் வழிநடந்து வந்த சொல். இரண்டும் ஒரே பானையில் வெந்திருக்கின்றன.

பொருள்களும் அவ்வாறே பல காலத்தவை. தாமிரபரணிக் கரையைச் சார்ந்த சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றினுள் கிடைத்த நெல்மணிகள் கி.மு. 1155ஆம் ஆண்டளவைச் சார்ந்தவை எனக் கரிமப் பகுப்பாய்வு காட்டியதாகத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. இந்நிலத்தில் நெல் அத்துணைப் பழமை உடையது. கரும்போ, அதியமானின் முன்னோர் கொண்டுவந்தது என்று ஔவையார் பாட்டொன்று குறிக்கும். காவிரிக் கழனிகளில் கரும்பு ஆலைகளின் அனல் பட்டு நெய்தற்பூ வாடுவதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. எனவே சாறு காய்ச்சிக் கட்டியாக்கும் தொழில் சங்க காலத்திலேயே பெருகியிருந்தது எனலாம். தென்பாண்டி நாட்டின் கிழக்குத் தேரிநிலங்களில் கரும்பின் இடத்தைப் பனை பிடித்துக்கொண்டது. அங்கே இனிப்பு என்றால் கருப்பட்டி. ஆகையால் மேற்கே மலையடிவாரத்து வீடுகளில் வெல்லமும் கிழக்கே கருப்பட்டியும் என்று அடிசிலின் நிறமே ஊருக்கு ஊர் மாறிற்று. கருப்பட்டி இட்டது கறுத்தும் காரலோடும் இருக்கும். கோயில் வழக்கு அதனை ஏற்பதில்லை. வீட்டு நாவோ அதனையே விரும்புவதுண்டு.

கல்வெட்டுகள் திருவமுதின் கணக்கை மிகுந்த நுட்பத்தோடு எழுதி வைத்துள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து நிவந்தங்களைக் காண்போர் அரிசி, பருப்பு, நெய், சர்க்கரை, மிளகு, புளி, தயிர், வாழைப்பழம், அடைக்காய் என ஒவ்வொன்றும் நாழி, உழக்கு, ஆழாக்கு அளவில் பிரித்து எழுதப்பட்டிருப்பதை அறிவர். அரிசியும் பழவரிசியாக இருக்க வேண்டும் என்று விதித்தனர். புத்தரிசி குழையும், பழவரிசி நீரையும் பாலையும் உறிஞ்சிப் பெருகும். அதை அறிந்தே அவ்வாறு எழுதினர். விறகு கொண்டுவருவோருக்கும் சமைப்போருக்கும் நெல் ஒதுக்கிய கல்வெட்டுகளும் உண்டு. அத்தனையும் எழுதியவர்கள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு தீ என்பது எந்தக் கல்லிலும் இல்லை. அது அளவைக்குள் அடங்குவதன்று; ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவது. பின்னாளில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டபோது, தமிழ் இல்லங்களின் சமையல் அளவுகள் அச்சேறிப் பரவலாயின. தாய்வீட்டை விட்டுத் தொலைவூருக்குச் சென்ற பெண்களுக்கு அது பெருந்துணை. ஆனால் ஆழாக்கை எழுதுவது போலத் தணலை எழுத இயலுமா? ‘சிறு தீயில்’ என்று இரண்டு சொல் எழுதலாம். எவ்வளவு சிறிது என்பது அடுப்பின் முன் அமர்ந்தவருக்கே தெரியும்.

இங்குப் பதம் என்னும் சொல்லை நோக்க வேண்டும். புலவனுக்குப் பதம் என்றால் சொல். சமைப்பவருக்குப் பதம் என்றால் உரிய பக்குவம். பாகு கம்பிப்பதம் அடைந்தது என்பதும், சோறு பதம் என்பதும் அன்றாட வழக்கு. கவிதையின் எளிமை அருமைகளைத் திராட்சாபாகம், கதலீபாகம், நாளிகேரபாகம் என்று வகுத்த பழைய திறனாய்வு மரபும் சுவையிலிருந்தும் பக்குவத்திலிருந்துமே தன் சொற்களைப் பெற்றது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால், அவசரப்படாமல் சொல்லுக்குச் சொல் நின்று, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவார் என்று வட்டத்தொட்டி அன்பர்கள் நினைவுகூர்ந்திருக்கின்றனர். அவர் இல்லத்து விருந்தும் பாட்டும் பிரிக்க முடியாதவை என்றும் அவர்கள் எழுதியுள்ளனர். மெல்ல வேகவைத்தலை அறிந்த ஊரில் மெல்லப் படித்தலும் விளைந்தது என்று சொன்னால் அது மிகையாகலாம், முற்றிலும் பொய்யாகாது.

இனி அடுப்புக்கு வரலாம். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் சூழ்ந்த நிலம் இரண்டு பருவங்களால் ஆனது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சிமலைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவரும். அருவிகள் ஆர்க்கும், வந்த விருந்தினர் மகிழ்வர், வீட்டிலோ விறகு நனைந்து புகையும். மார்கழியில் மலைக்காற்று குளிர்ந்து விடியல் நீளும். இரு பருவத்திலும் அடுப்பை முற்றிலும் அணைய விடாமல் வைத்திருப்பது இல்லத்தாரின் முதற்கலை. இரவுச் சமையல் முடிந்ததும் எரிகொள்ளியை இழுத்து அவித்துவிட்டு, எஞ்சிய தணலைச் சாம்பலால் மூடுவர். நீறு பூத்த நெருப்பு என்று உவமையாகத் தமிழில் வழங்குவது அன்றாடம் கண்ணால் கண்ட இப்பொருளே. அதன்மேல் கனத்த மண்பானையிலோ வெண்கலப்பானையிலோ பாலை வைத்தால், அது பொங்காது, தீயாது, மெல்லச் சுண்டிச் செம்மை ஏறும், ஆடை கட்டும். எருவாட்டித் தணல் இதற்கு இன்னும் ஏற்றது. அது விறகைப் போல் வெடித்து எழாமல் ஒரே சீராகக் கனன்றுகொண்டிருக்கும்.

உமியடுப்பும் மரத்தூள் அடுப்பும் இவ்வகையைச் சார்ந்தவை. செங்கோட்டை, தென்காசிப் பகுதிகளில் மரம் அறுக்கும் ஆலைகள் பெருகிய பின் மரத்தூள் மலிவாகக் கிடைத்தது. தகர உருளை ஒன்றின் நடுவே புட்டியையோ கட்டையையோ நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைத்து, பின் அதனை உருவிவிட்டால் நடுவில் புகைபோக்கி போன்ற குழி கிடைக்கும். அடியில் ஒரு துளை வழியே பற்றவைத்தால் உள்சுவர் மட்டும் கனன்று கனன்று, பல மணி நேரம் ஒரே அளவு வெப்பம் தரும். ஊதவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. மின்சாரம் கொண்டு இன்று செய்வதை மரத்தூள் கொண்டு அன்று செய்தனர் என்பதே உண்மை.

இத்தகைய தணலில் அடிசில் ஆக்கும் முறை பின்வருமாறு அமையும். பச்சரிசியும், அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான பாசிப்பருப்பும் நெய்யில் மணம் வரும்வரை வறுபடும். பால் தனியே ஒருமுறை பொங்கி எழும். அரிசியைப் போல் ஐந்து ஆறு மடங்கு பாலில் அவை இறங்கியபின் தீ அடங்கிவிடும். அரிசி பாலை உண்டு, உடைந்து, கரண்டியால் மசிக்கும் அளவு குழைந்த பின்னரே, தனியாகக் காய்ச்சி வடிகட்டிய வெல்லப்பாகு சேரும். முன்னதாக வெல்லத்தை இட்டால் அரிசி விறைத்துப் போகும் என்பது பாட்டியர் வாக்கு, அது மெய்யே. சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் அரிசியின் மாவுப்பொருள் ஊறிப் பெருக முடிவதில்லை. வெல்லத்தில் உள்ள புளிப்பு கொதிக்கும் பாலைத் திரித்துவிடும் என்ற அச்சமும் மெய்யே; ஆகவே பாகைச் சற்று ஆறவிட்டுச் சேர்ப்பர். நெய் ஒரே முறையில் விழாது. கிளறக் கிளறச் சோறு உண்ணும் அளவுக்கே விழும். முந்திரி, திராட்சை, ஏலம், குங்குமப்பூ, ஒரு கடுகளவு பச்சைக்கற்பூரம் ஆகியவை இறுதியில் வருவன. அவற்றைப் பற்றி விரித்தெழுதத் தேவையில்லை, வீடுதோறும் வேறுபடும்.

சர்க்கரைப் பொங்கலுக்கும் அக்காரவடிசிலுக்கும் உள்ள வேறுபாடு இங்குத்தான் இருக்கிறது. பொங்கலில் அரிசி நீரில் வெந்து வெல்லத்தில் கலக்கிறது. அடிசிலில் அரிசி பாலில் வேகிறது. பாலோ அரிசியோடு சேர்ந்து தானும் வேகிறது. நெடுநேரம் தணலில் இருந்த பாலில் உள்ள இனிப்பும் புரதமும் ஒன்றோடொன்று கூடிச் செந்நிறமும் புதுமணமும் தருகின்றன. செங்கோட்டைக்கு அப்பால் திருவிதாங்கூர் நாட்டில் அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசம் இளஞ்சிவப்பாக இருப்பதற்கும், திருவில்லிபுத்தூரில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா பழுப்பேறி இருப்பதற்கும் இதுவே காரணம். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் ஆட்சியைச் சார்ந்திருந்தது. எல்லை கடந்து உருளியும் உருளிப் பாயசமும் வந்து போயின. தென்காசி வட்டாரத்தின் நாக்கு இவ்விரு திசைக்கும் நடுவே வளர்ந்தது.

சைவத்திலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. குற்றாலம் நடராசப் பெருமானின் ஐம்பெரும் அவைகளுள் சித்திரசபை விளங்கும் ஊர். மார்கழித் திருவாதிரை அங்குப் பெருவிழா. அன்று வீடுகளில் ஆக்குவது களி. வறுத்துக் குருணையாக உடைத்த அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், நெய் என்பன சேர்ந்து வெண்கலப்பானையில் ஆவியில் உதிரி உதிரியாக வெந்து நிற்கும். சிதம்பரத்தில் சேந்தனார் படைத்த களியின் கதை அதனோடு வழங்கும். அடிசில் பால் நிறைந்த வீட்டின் உணவு. களி பாலில்லாத வீட்டிலும் ஆகும் உணவு. இரண்டுமே மார்கழிக் காலையின் முதல் உணவு. இரண்டுமே மூடிய பானையில், அடக்கிய தீயில் ஆவன.

இவ்வளவையும் சொல்லி, அந்த அடுப்பங்கரையைப் பொற்காலமாகப் பாடிவிடுதல் நேர்மையாகாது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர்கிழார் காட்டும் புதுமனைவி தாளிப்புப் புகை கண்ணில் படிய நின்று சமைக்கிறாள். கணவன் இனிதென்று உண்டபோது அவள் முகம் நுண்ணிதின் மகிழ்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலோ, மாதரி மனையில் கோவலனுக்கு முதலும் கடையுமாக மதுரையில் சமைத்த கண்ணகியின் விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, கண்கள் சிவக்கின்றன. பாடிய புலவர்கள் அந்தச் சிவப்பில் அழகைக் கண்டனர். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தப் புகையை உள்ளிழுத்த பெண்களின் நுரையீரல் எந்தப் பாட்டிலும் இல்லை. மார்கழியில் விடிவதற்கு முன் அடிசில் ஆயத்தமாக இருந்ததென்றால், யாரோ ஒருத்தி மூன்றாம் சாமத்தில் எழுந்து சாம்பலைக் கிளறியிருக்கிறாள் என்று பொருள்.

ஆகவே 1959ஆம் ஆண்டளவில் இந்திய நிறுவனங்கள் பிரஷர் குக்கரை உருவாக்கி விற்கத் தொடங்கியதும், 1965இல் இண்டேன் எரிவாயு வந்ததும், நாளடைவில் இவை சிற்றூர்களையும் எட்டியதும், 2016இல் தொடங்கிய திட்டத்தால் ஏழை இல்லங்களுக்கும் எரிவாயு இணைப்புச் சென்றதும் பெண்களுக்கு நேர்ந்த விடுதலைகள். அதில் ஐயமில்லை. ஆயினும் விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. பிரஷர் குக்கரில் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை செல்சியசை எட்டும். அரிசி சில நிமிடங்களில் குழைந்துவிடும். பாலோ சுண்டுவதற்கு இடமின்றி, மூடியின் துளை வழியே சீறி வெளியேறும். விசில் எண்ணிச் சமைத்த அடிசிலில் எல்லாப் பொருளும் இருக்கும். காலம் மட்டும் இராது. சுண்டாத பாலின் குறையை மறைக்க ஏற்பட்டதே டின்பால் சேர்க்கும் வழக்கம். குறைதீர்ப்பு என்ற அளவில் அது கெட்டிக்காரத்தனமே; ஆனால் தணலில் சுண்டிய பாலின் மணம் அதில் வருவதில்லை. தாயிடமிருந்து மகளுக்குப் போன தணற்பதம் ஒரு தலைமுறையில் அறுந்தது. அளவுகள் நூல்களில் பிழைத்தன.

அறுந்த இழை எதிர்பாராத திசையிலிருந்து மீண்டும் வந்தது. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது என்னும் விதியுடையவர்கள். ஆகையால் வெள்ளி மாலையே பயறும் தானியமும் இறைச்சியும் இட்ட பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவர். அடங்கிவரும் சூட்டில் இரவெல்லாம் வெந்த அதனை மறுநாள் உண்பர். சோலண்ட் என்று அதற்குப் பெயர். லித்துவேனியாவின் வில்னா நகரில் அவ்வாறு செய்ததைத் தாய் சொல்லக் கேட்ட இர்விங் நாக்சன் என்பவர் அமெரிக்காவில், பானையைச் சுற்றி மின்கம்பி ஓடி மெல்லச் சூடேற்றும் ஒரு கலத்தை அமைத்து, 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அவருடைய தொழிலை வாங்கிய ரைவல் நிறுவனம் 1971இல் கிராக்-பாட் என்னும் பெயரில் அதனைப் பரப்பியது. இன்று ஸ்லோ குக்கர் என்று பொதுவாக வழங்குவது இதுவே. இந்தியாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. கல்கத்தாவில் மருத்துவர் இந்துமாதவ மல்லிக் 1910இல் உருவாக்கிய இக்மிக் குக்கர், அடியில் கரித்தணலும் மேலே அடுக்குப் பாத்திரங்களுமாக, ஆளில்லாமலே ஆவியில் சோறும் பருப்பும் வேகவைத்தது.

ரொட்டித் துண்டு, பால், முட்டை, சர்க்கரை, வெண்ணெய் ஆகியவற்றை இரவில் அக்கலத்தில் அடுக்கி வைத்துக் காலையில் இனிப்பு உணவாக எடுத்து உண்ணும் பழக்கம் அமெரிக்க இல்லங்களில் உண்டு. மாவுப்பொருள், பால், இனிப்பு, கொழுப்பு, நெடுநேரம் என்ற ஐந்தையும் எண்ணிப் பார்ப்போர், கடல் கடந்த ஓர் அடிசிலையே அதில் காண்பர். அந்நாடுகளில் குடியேறிய தமிழர்க்குச் சனவரிக் கடுங்குளிரில் கூடாரவல்லி வருகிறது. புகை எழுந்தால் எச்சரிக்கை மணி அலறும் அடுக்ககங்களில் தணலுக்கு வழியில்லை. அங்கே அக்கலத்தை அடிசிலுக்குப் பயன்படுத்தத் தலைப்பட்டவர்கள் புதுமை செய்யவில்லை. பழையதை வேறு பெயரில் எடுத்துக்கொண்டனர்.

ஆயினும் தணலும் மின்பானையும் ஒன்றல்ல. தணல் கீழிருந்து சுடும். மின்பானை பக்கங்களிலிருந்து சுடும். ஆதலால் ஓரத்தில் ஒட்டுவது மிகுதி. உட்சுவர் முழுதும் நெய் தடவுதல் வேண்டும். குளிர்ந்த பாலை இட்டுத் தொடங்கினால் அது சூடேற நெடுநேரம் ஆகும். அதற்குள் திரிந்துபோகவும் கூடும். பழைய வீட்டில் பால் முதலில் பொங்கிய பின்னரே தணலுக்குப் போனது. இங்கும் அவ்வாறே கொதித்த பாலை ஊற்றுதல் முறை. இரவே நிரப்பி வைத்துவிட்டு, விடியலுக்கு முன் தானே தொடங்குமாறு கடிகாரம் வைப்பதும் ஆகாது. சூடில்லாமல் நிற்கும் பாலைத் தணல் அறிந்த எந்த வீடும் அடிசிலுக்கு எடுத்ததில்லை. குறைந்த சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் போதும். இடையில் ஓரிருமுறை கிளறுதல் வேண்டும். வெல்லப்பாகு எல்லாவற்றுக்கும் பிறகே.

பெரிய வேறுபாடு மூடியில் இருக்கிறது. மண்பானையின் மூடி ஒருபோதும் முற்றப் பொருந்துவதில்லை, ஆவி கசிந்துகொண்டே இருக்கும், பால் சுண்டும். மின்பானையின் கண்ணாடி மூடியோ இறுகப் பொருந்தி, எழுந்த ஆவியை நீர்த்துளியாக்கி மீண்டும் பாலிலேயே சொட்டவிடும். எட்டு மணி நேரம் வைத்தாலும் பாலின் அளவு குறையாது. இதனை அறியாமல் தாய்வீட்டு அளவையே கொண்டவர்களுக்குக் கஞ்சிதான் கிடைத்தது. அறிந்தவர்கள் ஒன்று, பாலைக் குறைத்து அரிசிக்கு நான்கு மடங்கோடு நிறுத்திக்கொள்கின்றனர். அன்றேல், கடைசி ஒரு மணி நேரம் பானையின் விளிம்பில் மரக்கரண்டி ஒன்றைக் குறுக்கே வைத்து, அதன்மேல் மூடியைச் சாய்த்து விடுகின்றனர். அந்த விரற்கடை இடைவெளி வழியே ஆவி போகத் தொடங்கியதும் பால் மெல்ல நிறம் மாறுகிறது; ஓரங்களில் ஆடை கட்டுகிறது.